தோட்டத்தில் தாழி வந்தால் யாரிடம் சொல்வது? தொல்லிடப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வெட்டு பார்க்கவும் நடுகல் தேடவும் ஊர் ஊராகப் போகிற ஆட்கள் நாங்கள். போகிற இடமெல்லாம் டீக்கடையிலும் கண்மாய்க் கரையிலும் கோயில் திண்ணையிலும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சட்டம் பற்றி எழுதியிருப்பதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சர்வே நம்பருக்கு எது பொருந்தும் என்பதைத் தாசில்தாரோ தொல்லியல் துறையோதான் சொல்ல முடியும்.

தொல்லிடம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் ஊரில் பழைய கோயில்கூடக் கிடையாதே.

கோயில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஊருக்கு வெளியே நத்தமேடு, திடல், பொட்டல் என்று ஏதாவது ஒரு இடம் இருக்கும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாகப் பானை ஓடு கிடந்தால் அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆள் நடமாட்டம் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊரார் ‘பாண்டவர் குழி’ என்று காட்டும் இடம் பெரும்பாலும் ஈமக்காடு, அதாவது அந்தக் காலத்து இடுகாடு. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் மலை மேல் பலகைக் கற்களை நிறுத்தி வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்களே, அந்தக் கல்திட்டைகளும் அப்படிப்பட்ட ஈமச் சின்னங்கள்தான். கண்மாய் மடையில் குளிக்கும்போது துணி துவைக்கிற கல்லில்கூட எழுத்து இருக்கலாம்.

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-14இல் வைகைக் கரை நெடுகத் தொல்லியல் துறையினர் நடந்து பார்த்து 293 இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்றுதான் கீழடி. அதுவரைக்கும் அது வெறும் தென்னந்தோப்பு. மிச்சமுள்ள இடங்களில் பெரும்பாலானவை இன்றும் வயலாகவும் தோப்பாகவும் வீட்டு மனையாகவும்தான் இருக்கின்றன.

தோட்டத்தில் குழி வெட்டும்போது முதுமக்கள் தாழி வந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

முதலில் ஜேசிபியை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இறந்தவரை அல்லது அவர் எலும்பை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைதான் தாழி. அதை வெளியே தூக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று மண்ணை அள்ளிப் பார்க்கவும் வேண்டாம். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதில்தான் காரியம் கெடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஈர மண்ணுக்குள் கிடந்த சுடுமண் அது. உள்ளே நிறைந்திருக்கும் மண்தான் அதன் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. மண்ணை அள்ளியதும் தாழி தானாகவே வாய் பிளந்துவிடும். வெயில் பட்டு வேகமாகக் காய்ந்தாலும் விரிசல் விடும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. (கி.மு. என்பதுதான்) 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று சொன்னது. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த இன்னொன்றின் காலம் பொ.ஆ.மு. 205. அதாவது, எந்த ஆழத்தில் எந்தப் பொருளோடு கிடந்தது என்று தெரிந்ததால்தான் அந்தக் கரிக்கு மரியாதை. அதே கரியை யாராவது மண்வெட்டியால் கிளறிக் குவியலாகப் போட்டிருந்தால் அது அடுப்புக்கரிதான். தாழிக்கும் இதே கதை. பக்கத்தில் இருந்த சின்னக் கலயம், அடியில் கிடந்த இரும்புத் துண்டு, ஒட்டியிருந்த உமி, எலும்பு கிடந்த திசை எல்லாம் கலைந்தபின் கையில் மிஞ்சுவது ஒரு பெரிய பானை மட்டும்.

ஆகவே, இருந்த இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மேலே சாக்கோ தென்னை ஓலையோ போட்டு, அதன் மேல் கொஞ்சம் மண்ணைத் தூவி மூடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், அவர் வழியாகத் தாசில்தாருக்குத் தகவல் போகும். பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கோ நேரடியாகப் போன் செய்தாலும் சரிதான். வாய் வார்த்தையோடு நிறுத்தாமல், ஒரு வெள்ளைத்தாளில் சர்வே நம்பர், தேதி, கண்டதைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வந்து பார்க்க ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். அலுவலகத்தில் ஆள் குறைவு, இது புது விஷயம் இல்லை.

சொன்னால் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளாதா?

இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். எங்களுக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் கல்வட்டம் (பழைய புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) இருந்த காட்டை ஒரே இரவில் வண்டி வைத்துச் சமப்படுத்திவிட்டார்கள். காரணம் கேட்டால், “அவனுங்க வந்து பாத்துட்டா பட்டா போயிரும்னாங்க.” யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை.

நிலவரம் இதுதான். ஓர் இடத்தில் தாழி கிடைத்துவிட்டது என்பதற்காக யாரும் பட்டாவை ரத்து செய்வதில்லை. கீழடியிலேயே பட்டா நிலங்களில், உரிமையாளர்களிடம் சம்மதம் வாங்கித்தான் தோண்டினார்கள். குழியை மூடி நிலத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள். அகழாய்வு வேறு, ‘பாதுகாக்கப்பட்ட இடம்’ என்று அறிவிப்பது வேறு. மத்திய அரசு அப்படி அறிவிக்க நினைத்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும்.

சரி, அறிவித்தே விட்டார்கள் என்று வையுங்கள். விவசாயம் நின்றுவிடுமா? நிற்காது. அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு: ஓர் அடிக்கு மேல் மண்ணைத் தோண்டாத சாகுபடி செய்யலாம். நெல்லோ கடலையோ போடுகிறவருக்கு இதனால் பெரிய இடைஞ்சல் கிடையாது. கிணறு வெட்டவும் கட்டடம் கட்டவும் கல் உடைக்கவும் அனுமதி கேட்க வேண்டும். மனை போட்டு விற்கலாம் என்று நினைத்தவருக்கு அது நஷ்டம்தான், மறுக்கவில்லை. அந்த நஷ்டத்துக்கு ஒழுங்கான ஈடு வேண்டும் என்று கேட்பதும் நியாயம்தான். எனக்கு வருத்தம் எதில் என்றால், இந்த ஓரடிக் கணக்கை எந்த விவசாயியிடமும் யாரும் போய்ச் சொன்னதில்லை. ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருந்தால் எத்தனையோ கல்வட்டம் தப்பியிருக்கும்.

தங்கம், வெள்ளி, ஐம்பொன் சிலை கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

இதற்கு வெள்ளைக்காரன் காலத்து 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பதைப் படித்துச் சிரிக்காதீர்கள், தொகையை அப்படியே விட்டுவிட்டார்கள். விசாரணையில் உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. இருவரும் தங்களுக்குள் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்திருந்தால் அதன்படி. பொருளை அரசே வைத்துக்கொள்ள நினைத்தால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தெரிவிக்காமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தூர் நடராஜர் கதை இருக்கிறது. 1976இல் தஞ்சைப் பக்கம் பத்தூரில் ஒரு கூலித்தொழிலாளி குடிசை வேலைக்காக மண் வெட்டும்போது நடராஜர் தட்டுப்பட்டார். விஷயம் கலெக்டர் வரை போகாமல் வியாபாரிகள் கைக்குப் போனது. கை மாறி மாறிச் சிலை லண்டனில் போய் நின்றது. அங்கே வழக்கு நடந்தது. ஊர்க் கோயிலின் சார்பில் வழக்காடலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றமே ஒப்புக்கொண்டு, 1991இல் நடராஜர் திரும்பி வந்தார். வழக்கில் பெரிய தலைவலி எது தெரியுமா? இந்தச் சிலை இந்தக் கோயிலில் இருந்ததுதான் என்று நிரூபிப்பது.

காட்டில் கிடந்த மணி, காசு, ஓடு கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன். தப்பா?

மண்ணில் மேலாகக் கிடந்ததைக் கண்டால் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் ஒரு மேட்டில் எந்தப் பக்கம் மணி அதிகம், எந்தப் பக்கம் இரும்புக் கசடு அதிகம் என்பதை வைத்துத்தான் இங்கே பட்டறை இருந்தது, அங்கே வீடு இருந்தது என்று ஆய்வாளர் கணக்குப் போடுகிறார். கொடுமணலில் கல்மணி செய்த இடங்களை அடையாளம் கண்டதும் இப்படிச் சின்னச் சின்னச் சில்லுகளை வைத்துத்தான். ஆளுக்கு ஒரு கை பொறுக்கிக்கொண்டு போனால் கணக்கு எப்படி வரும்?

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், எங்கே எடுத்தோம் என்று சீட்டு எழுதி அந்தப் பொருளோடே போட்டு வையுங்கள். முடிந்தால் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். சுவடிக்கு 75 ஆண்டு போதும். கல், சுடுமண், உலோகச் சிற்பங்கள், ஓவியங்கள் போன்ற சில வகைகளைப் பதிவு செய்வது கட்டாயம். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மெட்டல் டிடெக்டர் எடுத்துக்கொண்டு மேட்டில் சுற்றி வீடியோ போடுகிற தம்பிகள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

ஒரு சின்னத்துக்கு யார்தான் பொறுப்பு? ஆளுக்கு ஒரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள்.

கைகாட்டுவதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், சித்தன்னவாசல் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. 1861இல் தொடங்கிய துறை அது, தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட சின்னங்கள் அதன் பொறுப்பில். மாநிலத் தொல்லியல் துறை 1961இல் வந்தது, அதற்கு 1966ஆம் ஆண்டில் தனிச் சட்டம். பூசை நடக்கும் பழங்கோயில்களில் பெரும்பாலானவை அறநிலையத் துறையிடம். மலையும் காடும் வனத்துறை, புறம்போக்கும் கண்மாயும் வருவாய்த் துறை அல்லது நீர்வளத் துறை வசம். தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடத்தைப் பார்ப்பது ஒரு துறை, பூசை நிர்வாகம் இன்னொரு இடம்.

இதில் எதிலும் சேராமல் கிடப்பவைதான் மிக அதிகம். வயல் வரப்பில் நிற்கும் நடுகல்லுக்கும் கண்மாய்க் கரைச் சமணச் சிற்பத்துக்கும் சட்டப்படி காவல்காரன் யாரும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள்தான் இருக்கிறார்கள். ‘மொட்டையாண்டி’ என்றோ ‘செட்டியார் சிலை’ என்றோ பெயர் வைத்து விளக்குப் போட்டு வந்ததால் பிழைத்துக் கிடக்கும் சிற்பங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். ஏறட்டும், இருக்கிறதே.

எங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட கோயில் பக்கம். கூரை ஓட்டை மாற்றக்கூட விட மாட்டார்களாமே?

மத்தியத் துறைச் சின்னம் என்றால் விதி இது: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு, முன் அனுமதி வாங்கிக் கட்டலாம். 1992 ஜூன் 16 அன்று அறிவிக்கையாக வந்து, 2010இல் சட்டத் திருத்தமாக உறுதியான விதி. அளப்பது கோயில் சுவரிலிருந்து இல்லை, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அந்த 1992 தேதிக்கு முன்பிருந்தே உள்ள வீடு என்றால் 100 மீட்டருக்குள்ளும் பழுது பார்க்க அனுமதி கேட்கலாம். மீறிக் கட்டினால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

என் அபிப்பிராயம் கேட்டால், விதியின் நோக்கம் சரி, எல்லாச் சின்னத்துக்கும் ஒரே அளவுகோல் என்பது சரியில்லை. நடுக்காட்டில் நிற்கும் குகைக்கும் நெரிசலான அக்ரஹாரத்து நடுவே நிற்கும் கோயிலுக்கும் ஒரே 100 மீட்டர் எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனித் துணைவிதி எழுத வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. அது எழுதி முடிக்கிற வரை ஊர்க்காரர் பாடு திண்டாட்டம்தான்.

இத்தனை செலவு செய்து தோண்டிவிட்டு ஏன் திரும்ப மண்ணைப் போட்டு மூடுகிறார்கள்? எதையோ மறைக்கத்தானே?

வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் சுற்றும் சந்தேகம் இது. மூடுவதுதான் பாதுகாப்பு. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த செங்கல், ஒரே மாதிரி ஈரத்துக்கும் இருட்டுக்கும் பழகிப்போயிருக்கிறது. திறந்து போட்டால் பகலில் வெயில், இரவில் பனி, நடுவில் ஒரு கோடை மழை. உள்ளே இருக்கும் உப்பு மேலே வந்து படிந்து செங்கலைத் தூள் தூளாக உதிர்க்கும். குழியில் நின்ற தண்ணீர் ஓரச் சுவரைக் கரைக்கும். அப்புறம் ஆடு, நாய், செல்பி. ஆகையால், வரைபடமும் புகைப்படமும் எடுத்து முடித்து, தார்ப்பாய் விரித்து மண்ணைப் போட்டு மூடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நாளைக்கு யாராவது மறுபடி தோண்டினால், முன்பு எதுவரை தோண்டினார்கள் என்பதையும் அந்தப் பாய் காட்டிக்கொடுக்கும்.

ஒரு மேட்டை முழுசாகத் தோண்டுவதும் நல்லதில்லை. தோண்டுவது என்பதே ஒரு வகை அழிப்பு. ஒரு தடவைதான் தோண்ட முடியும். இன்றைக்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒரு சோதனை முப்பது ஆண்டுகள் கழித்து வரும். கீழடி மேட்டின் பரப்பு ஏறத்தாழ 110 ஏக்கர், அதில் தோண்டியது சிறு பகுதிதான். மிச்சம் பின்னால் வருகிறவர்களுக்கு.

திறந்து வைத்தே காட்ட வேண்டும் என்றால் அதற்குக் கூரை, வடிகால், ஈரப்பதக் கணக்கு எல்லாம் வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டும் அருங்காட்சியகம் 2023இல் திறந்தார்கள். கட்டியதோடு வேலை முடியாது. கண்ணாடிக்குக் கீழே ஆவி கட்டுகிறதா, பாசி பிடிக்கிறதா என்று தினமும் பார்க்க ஆள் வேண்டும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் இந்த ஆளின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை.

கிடைத்த பொருளெல்லாம் ஏன் சென்னைக்குப் போக வேண்டும்? ஊரிலேயே வைக்கக்கூடாதா?

வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆதிச்சநல்லூர் பட்ட பாடு தெரிந்தால் கோபம் வரும். 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிக் கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூருக்குப் போயின. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பொருளைப் பார்க்க 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேற வேண்டியிருந்தது. கீழடியில் 2023 மார்ச்சில் ஊரிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், சுற்றுவட்டாரக் கிராமத்துக் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து நிற்கும். ஆனால் உள்ளூர் என்றால் பஞ்சாயத்து அலுவலகப் பீரோவில் பூட்டி வைப்பது என்று அர்த்தம் இல்லை. இரும்பும் எலும்பும் காற்று பட்டால் கெடும். அதற்கென்று படித்தவர் வேண்டும்.

கல்வெட்டைப் படிக்க மாவு பூசலாமா? பெயிண்ட் அடித்தால் பளிச்சென்று தெரியுமே?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். மாவு எறும்பையும் பூஞ்சையையும் கூட்டி வரும். எனாமல் பெயிண்ட் எழுத்துப் பள்ளத்தில் இறங்கினால் எடுக்கவே முடியாது. எழுத்து தெரியாதவர் பெயிண்ட் அடித்தால் ‘க’வைத் ‘த’ ஆக்கிவிடுவார், அடுத்து வருபவர் அதையே படிப்பார்.

இருட்டிய பிறகு ஒரு டார்ச் கொண்டுபோய், கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் மொட்டைப் பாறையாகத் தெரிந்தது வரி வரியாக எழுந்து நிற்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் சத்தம் போட்டே விடுவார்கள். பல கோணத்தில் வெளிச்சம் பிடித்துப் படம் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மைப்படி எடுப்பது அடுத்த கட்டம்: கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரக் காகிதத்தைப் பிரஷ்ஷால் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் அழுத்தி, மேலே மை ஒற்றுவது. அனுமதியோடு பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890இல் வந்தது. அந்தக் காலத்தில் எடுத்த படிகளில் உள்ள சில எழுத்துகள் இன்றைக்குக் கல்லில் இல்லை. திருப்பணியில் போனது, உடைந்தது, படிக்கட்டாகி மிதிபட்டது. தாள் பிழைத்திருக்கிறது, கல் பிழைக்கவில்லை.

ஊர்க்கோயிலுக்குத் திருப்பணி செய்யப்போகிறோம். அதையும் தடுப்பீர்களா?

யாரும் தடுக்கவில்லை. எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் விஷயம். நல்லெண்ணத்தோடு செய்த திருப்பணியில் போன சரித்திரம், கொள்ளையில் போனதைவிட அதிகமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மணல் வீச்சு இயந்திரம் வைத்துச் சுவரைச் சுத்தம் செய்வது தடை செய்யப்பட்ட முறை. கல்லின் மேல்தோலையே உரித்துவிடும், எழுத்து மழுங்கும், சிற்பத்தின் மூக்கும் விரலும் தேயும். அடுக்கடுக்காக ஏறிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லச் சுரண்டி எடுக்கலாம். பத்து நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்தது சிமெண்ட். பழைய செங்கல் விமானத்தைச் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த காரை அது. மழையில் ஈரம் உள்ளே போனாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளுக்குள்ளேயே தங்கி உப்புக் கட்டி, நாலைந்து ஆண்டில் சிமெண்ட் தோல் பழைய செங்கலையும் பிய்த்துக்கொண்டு விழும். பூசிய மேஸ்திரியைக் கேட்டால் ‘செங்கல் மோசம், ஐயா’ என்பார். எண்ணூறு ஆண்டு நின்ற செங்கல்!

கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றைக் கையால் பிடுங்க வேண்டாம். வேர் கல்லையும் இழுத்துக்கொண்டு வரும். தண்டை வெட்டி, வேருக்கு மருந்து வைத்துச் சாகடித்து, இடுக்கைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். தரையில் டைல்ஸ் ஒட்டும் முன் அதற்கடியில் எழுத்துக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய கல்லுக்கெல்லாம் நம்பர் போடுங்கள். பழைய கல்லை எடுத்துப் புது வேலைக்குப் போடுவது நேற்று வந்த பழக்கமும் இல்லை: 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, கங்கைகொண்ட சோழபுரத்து மதிலைப் பிரித்துத்தான் கல் கொண்டுபோனார்கள். ராஜேந்திரன் எடுத்த மதில் இப்போது அணைக்குள் கிடக்கிறது.

பக்கத்து மலையில் குவாரி. குகையைத் தொடவில்லை என்கிறார்கள். அது போதாதா?

போதாது. வெடி வைக்கும்போது அதிர்வு பாறை முழுக்கப் போகும், குகைக்கூரையில் மயிரிழை விரிசல் விழும். மத்தியத் துறைச் சின்னம் என்றால் அந்த 100, 200 மீட்டர் கணக்கு குவாரிக்கும் உண்டு. ஆனால் அறிவிக்கப்படாத குகைக்கு அந்த வேலி கிடையாது. அங்கே ஊர்தான் பேச வேண்டும்.

அரிட்டாபட்டியில் பேசினார்கள். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள அந்த மலையில் தமிழி (தமிழின் மிகப் பழைய எழுத்து, தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்) எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, சமணர் படுக்கை இருக்கிறது, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது, வல்லூறும் இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அப்படியும் 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது, ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கவனியுங்கள், ஆவணம் கையில் இருந்ததால் வாதம் நின்றது. எந்தப் பாறையில் என்ன எழுத்து, எந்தச் சுனையில் எந்தப் பறவை என்று பல ஆண்டுகளாகப் பலர் எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் கோயிலில் பழைய உற்சவர் சிலைகள் இருக்கின்றன. பூட்டு மட்டும் போதுமா?

பூட்டோடு ஒரு போட்டோவும் வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்துச் சேர்த்திருந்த படங்கள்தான் அந்த நடராஜர் யாருடையவர் என்று காட்டின. 2014இல் திரும்பி வந்தார். படம் இல்லாத ஊர்ச் சிலை ஒன்று இதே மாதிரிப் போயிருந்தால்? எங்கோ கண்ணாடிப் பெட்டியில் ‘தென்னிந்தியா, சோழர் காலம்’ என்ற சீட்டோடு நின்றுகொண்டிருக்கும்.

முன், பின், இரு பக்கம், பீடம் என்று எடுங்கள். அலங்காரத்தோடு எடுத்த படம் உதவாது. அபிஷேகத்துக்கு முன் குருக்களிடமும் நிர்வாகத்திடமும் கேட்டு எடுக்க வேண்டும். உயரம் எத்தனை செ.மீ., எந்த விரல் உடைந்திருக்கிறது, எங்கே தேய்மானம், பீடத்தில் எழுத்து உண்டா என்று குறியுங்கள். பழுதுதான் அடையாளம். படங்களைப் பேஸ்புக்கில் போட்டு விடாதீர்கள், திருடனும் பேஸ்புக் பார்க்கிறான்.

யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டால் பணம் கொட்டுமா?

கொட்டாது. பட்டியலில் சேர்ப்பது பெயர், பொறுப்பு, கூட்டம். மாமல்லபுரம் 1984இல் சேர்ந்தது, தஞ்சை 1987இல், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல், செஞ்சிக்கோட்டை 2025இல். பராமரிப்புச் செலவு நம்முடையதுதான்.

பிள்ளைகளை ஒரு தொல்லிடத்துக்குக் கூட்டிப்போகிறேன். என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

பாறையில் பேர் எழுதக்கூடாது என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவர்கள் மனதில் யோசனையை விதைத்துவிடும். ஒரு பானை ஓட்டைக் கையில் கொடுத்து, விளிம்பில் குயவரின் விரல் தடம் தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். தடவிப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் கூட்டிப்போன ஒரு ஆறாம் வகுப்புப் பையன், வைத்த இடம் மறந்துவிடும் என்று பக்கத்தில் குச்சி நட்டுவிட்டுப் போனான்.

ஒரு சாதாரண ஆள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் என்ன?

செல்போனை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் நடுகல்லுக்கோ மேட்டுக்கோ போங்கள். தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அருகில் உள்ள பனைமரமோ கோயிலோ தெரிகிற மாதிரி ஒன்று என்று மூன்று படம். அளவு தெரிய ஒரு பேனாவையோ அடிக்கோலையோ பக்கத்தில் வையுங்கள், பொருளின் மேல் வைக்காதீர்கள். லொகேஷனை ஆன் செய்துகொள்ளுங்கள். ஊர்ப்பெயர், சர்வே நம்பர், ஊரார் அதை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், அதைப் பற்றி வயசான ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதியை மறக்காமல் எழுதுங்கள். ஒரு பிரதியை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பி, ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தைக்கு அதே இடத்தில் நின்று அதே மூன்று படத்தையும் மறுபடி எடுங்கள்.